எரிமலை தூரத்தில், வீணாகும் உஷ்ணம் பக்கத்தில்

2025 செப்டம்பரில் பாரன் தீவு எரிமலை ஒரே மாதத்தில் இரண்டு முறை குமுறியது. அந்தச் செய்தி வந்தது முதல் ஜங்லிகாட் டீக்கடைகளிலும், ஆபீஸ் வராந்தாக்களிலும், மீன் இறங்கும் துறையிலும் ஒரு கேள்வி அடிபடுகிறது. "இத்தனை நெருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரண்டுக்காக மெயின்லாண்டிலிருந்து கப்பல் கப்பலாக டீசல் கொண்டு வருகிறோமே, இது என்ன கணக்கு?" என்பதே அந்தக் கேள்வி.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்கள் நியாயமானவை அல்ல. சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். வேறு சிலர், "வரும், வரும், எரிமலையிலிருந்தே மின்சாரம் வரும்" என்று ஆசை காட்டுகிறார்கள். சிரிப்பவர்களுக்குப் பூமியின் உஷ்ணத்தைப் பற்றித் தெரியாது. ஆசை காட்டுகிறவர்களுக்கு அந்தமானின் பூமியைப் பற்றித் தெரியாது. மாதச் சம்பளத்தில் மின்கட்டணம் கட்டும் குமாஸ்தாவும், ஐஸ் கிடைக்காமல் மீனை வந்த விலைக்குத் தள்ளிவிடும் மீனவரும், பவர் ஹவுசில் வேலை பார்க்கும் தினக்கூலி மஸ்தூரும் இந்த விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நாளை இதன் பேரால் ஒரு திட்டம் வந்தால், அதன் லாபமும் நஷ்டமும் முதலில் நம் தலையில்தான் விழும்.

டீசலில் எரியும் விளக்கு

இந்தத் தீவுகளுக்கும் மெயின்லாண்டுக்கும் இடையே மின்கம்பி இல்லை. தமிழ்நாட்டில் ஒரு நிலையம் நின்றால் வேறொரு மாநிலத்திலிருந்து மின்சாரம் வரும். இங்கே ஒரு யந்திரம் நின்றால் ஒரு பேட்டையே இருட்டில் கிடக்கும். ஒவ்வொரு தீவும் தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதில் பெரும்பகுதி டீசல் யந்திரங்களிலிருந்தே வருகிறது.

மாற்று வழிகள் இல்லாமல் போகவில்லை. வடக்கு அந்தமானில் டிக்லிபூருக்கு அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001 முதல் இயங்குகிறது. போர்ட் பிளேரில் (2024 முதல் அரசு ஏடுகளில் ஸ்ரீ விஜயபுரம்) நம் நெய்வேலி ஸ்தாபனம் அத்தம் பகாட்டிலும் டாலிகஞ்சிலுமாக 20 மெகாவாட் சூரியமின் நிலையத்தை, மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிகளோடு அமைத்திருக்கிறது. பழுப்பு நிலக்கரி தோண்டிய ஸ்தாபனம் இங்கே வந்து வெயிலை அறுவடை செய்வது நமக்குப் பெருமைதான். ஆனால் மே மாதம் தொடங்கும் மழை கார்த்திகை வரை விடாத ஊர் இது. மேகம் மூடிய பகலிலும் இரவிலும் விளக்கு எரிய, மறுபடியும் டீசலின் காலில்தான் விழ வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல டீசல் யந்திரம் ஒரு லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் தரும். அந்த லிட்டரைக் கடல் தாண்டிக் கொண்டுவரும் செலவும், யந்திரத்தைப் பராமரிக்கும் செலவும் சேர்ந்தால் ஒரு யூனிட்டின் அடக்க விலை நாம் கட்டும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகிறது. மிச்சத்தை மத்திய அரசாங்கம் சுமக்கிறது. இன்று சுமக்கிறார்கள் என்பதால் என்றைக்கும் சுமப்பார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே, இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும் ஒரே சீராக வரக்கூடிய சுத்தமான மின்சாரம் எங்கே கிடைக்கும் என்று தேடுவது அவசியம். பூமியின் உஷ்ணம் அப்படிப்பட்ட ஒன்று.

வெந்நீரில் மின்சாரம் எப்படி?

1904ஆம் ஆண்டு இத்தாலியில் லார்தெரெல்லோ என்ற ஊரில், பூமியிலிருந்து தானாகப் பீறிட்ட நீராவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரியவைத்தார் பியரோ ஜினோரி கோந்தி என்ற சிற்றரசர். அன்று தொடங்கியது இந்தத் தொழில். நமக்கு அண்டையிலுள்ள சுமத்ராவில், சாருல்லா என்ற இடத்தில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் 330 மெகாவாட் நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கெல்லாம் பூமிக்குள் இருப்பது கொதிக்கும் நீராவி.

ஆனால் நீராவி கிடைக்காத இடத்திலும், வெறும் வெந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம். வழி எளிது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓடும் திரவமோ, திறந்துவிட்டால் பூஜ்யத்துக்கும் கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தத் திரவத்தைக் குழாய்க்குள் அடைத்து, வெளியே வெந்நீரை ஓடவிட்டால், அது ஆவியாகி அழுத்தத்தோடு சக்கரத்தைச் சுழற்றும். பிறகு குளிர்ந்த நீரால் அதை மறுபடி திரவமாக்கி, திரும்பவும் அனுப்பலாம். ஃபிரிட்ஜ் மின்சாரத்தைத் தின்று உஷ்ணத்தை வெளியே தள்ளுகிறது. இந்த யந்திரம் உஷ்ணத்தைத் தின்று மின்சாரத்தைத் தள்ளுகிறது. புகை இல்லை. எரிபொருள் இல்லை. அடைபட்ட திரவம் வெளியே வருவதும் இல்லை.

இது புதிய கற்பனை அல்ல. 1967லேயே சோவியத் நாட்டின் கிழக்குக் கோடியில், கம்சாத்கா தீபகற்பத்தில் பராதுன்கா என்ற இடத்தில் 81 டிகிரி வெந்நீரைக் கொண்டு ரஷ்ய விஞ்ஞானிகள் இப்படியொரு நிலையத்தை ஓட்டிக் காட்டினார்கள். 2006ல் அமெரிக்காவின் அலாஸ்காவில் சேனா வெந்நீர் ஊற்று என்ற விடுதி, 74 டிகிரி தண்ணீரைக் கொண்டு தலா 200 கிலோவாட் யந்திரங்கள் இரண்டை ஓட்டத் தொடங்கியது. பெரிய கட்டடங்களுக்கு ஏர்கண்டிஷன் செய்யும் யந்திரத்தின் பாகங்களையே திருப்பிப் பொருத்திச் செய்த யந்திரங்கள் அவை. அதற்கு முன் அந்த விடுதியும் நம்மைப்போல டீசலையே நம்பியிருந்தது. யூனிட் 30 சென்ட் என்றிருந்த செலவு ஏழு சென்ட் அளவுக்கு இறங்கியது.

மின்கம்பி எட்டாத இடம், டீசல் செலவு, கையருகே வெந்நீர் என்ற சேனாவின் கதையைப் படிக்கும்போது, "இது நம் கதை அல்லவா?" என்று தோன்றுவது இயற்கை. ஆனால் இரண்டு இடங்களில் நம் கதை வேறு திசையில் போகிறது.

மலை சூடு, மண் குளிர்ச்சி

முதலாவது, பூமியின் அமைப்பு. இந்தியா இருக்கும் நிலத்தட்டு, வங்கக் கடலின் கிழக்குப் பக்கத்தில் பர்மாத் தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. 1941லும் 2004லும் நாம் பட்ட பூகம்பங்களுக்கு அதுவே காரணம். தட்டு உள்ளே நுழையும்போது அதன் மேலிருந்த மண்ணும் பாறையும் வழித்தெடுக்கப்பட்டு, தோசைக் கல்லில் கரண்டியால் வழித்த மாவு ஒரு பக்கம் குவிவதுபோலக் குவிந்தன. அந்தக் குவியல்தான் நாம் குடியிருக்கும் அந்தமான். உள்ளே போன தட்டு ஆழத்தில் வெந்து, பாறையை உருக்கி, இன்னும் கிழக்கே வெளிப்படுகிறது. அந்த இடத்தில் பாரன் தீவும் நார்கொண்டமும் நிற்கின்றன.

ஆக, சூட்டுப் பக்கம் வேறு, நாம் வாழும் பக்கம் வேறு. உலகத்தில் இப்படித் தட்டுகள் நுழையும் இடங்களிலெல்லாம், எரிமலை வரிசைக்கு முன்னால் கிடக்கும் நிலம் பெரும்பாலும் குளிர்ந்த நிலமே. குளிர்ந்த தட்டு அடியில் புகுவதால், மேலே வரவேண்டிய உஷ்ணத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. எரிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதால் ஜங்லிகாட்டில் கிணறு தோண்டினால் வெந்நீர் வரும் என்று நினைப்பது, அடுத்த தெருவில் கல்யாணம் என்பதால் நம் வீட்டில் இலை போடுவார்கள் என்று எதிர்பார்ப்பது போன்றது.

பாராதாங்கில் சேறு கொப்புளிக்கும் இடத்தைப் பார்த்தவர்கள், "அது எரிமலைதானே?" என்று கேட்பார்கள். பெயரில்தான் எரிமலை. ஆழத்திலிருந்து வரும் எரிவாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதிலே கை வைத்தால் சுடாது.

சரி, பாரன் தீவுக்கே போய் எடுத்தால் என்ன? அது போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. மனிதர் குடியில்லாத, வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தீவு. ஒன்றரை நூற்றாண்டு உறங்கிய பிறகு 1991ல் விழித்த எரிமலை அதன்பின் பலமுறை வெடித்திருக்கிறது. அடுத்து எப்போது வெடிக்கும் என்று நாள் குறிக்க முடியாது. அங்கே கோடிக்கணக்கில் செலவிட்டு யந்திரத்தை நிறுத்தி, ஆழ்கடலுக்கு அடியில் கம்பி போட்டுச் சில மெகாவாட் கொண்டுவந்தால், டீசலே மலிவு என்று ஆகிவிடும். வெடிக்கிற அடுப்பின்மேல் யாரும் சமைப்பதில்லை.

குளிர்ச்சியும் ஒரு முதல்

இரண்டாவது தடை பலர் கவனிக்காதது. உஷ்ணம் மட்டும் இருந்தால் மின்சாரம் வராது, குளிர்ச்சியும் வேண்டும். அருவிக்கு உயரம் எப்படியோ, இந்த யந்திரத்துக்குச் சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் அப்படி. கல்போங் அணை எத்தனை நிரம்பியிருந்தாலும், கீழே இறங்கப் பள்ளம் இல்லாவிட்டால் சக்கரம் சுழலுமா?

சேனாவில் வெந்நீர் 74 டிகிரி. குளிர்விக்கும் தண்ணீர் 4 டிகிரி. வித்தியாசம் 70. நம் கடல்நீரோ 29 டிகிரி அளவில் இருக்கிறது. அதே 74 டிகிரி வெந்நீர் இங்கே கிடைத்தாலும் வித்தியாசம் 45தான். இயற்கை விதிப்படி, அங்கே உள்ளே போகும் உஷ்ணத்தில் அதிகபட்சம் நூற்றுக்கு 20 பங்கை மின்சாரமாக்கலாம். இங்கே 13 பங்குக்கு மேல் முடியாது. அதுவும் ஏட்டுக் கணக்கு. சேனாவிலேயே நடைமுறையில் கிடைத்தது நூற்றுக்கு எட்டுதான். நமக்கு ஐந்து கிடைத்தால் அதிகம். பம்புகளை ஓட்டும் மின்சாரத்தையும் கழித்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது இன்னும் குறையும்.

அனல் காற்றடிக்கும் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூர் 98 டிகிரி ஊற்றுநீரைக் கொண்டு 80 கிலோவாட் எடுத்துவந்தது. நிலையத்துக்கு வயதாகி, புதுப்பிக்கும் செலவு கூடியபோது 2018ல் அதை மூடினார்கள். 98 டிகிரி நீர் கையில் இருந்தும், சிறிய நிலையத்தைக் கட்டிக்காப்பது எத்தனை கடினம் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் முன்னூற்றுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கெடுத்திருக்கிறது. லடாக்கில் கடல் மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள புகா பள்ளத்தாக்குதான் அவற்றில் பெயர்பெற்றது. 1970களிலேயே அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டுப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2021ல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு மெகாவாட் நிலையத்துக்காக 2022ல் துளையிட்டது. துளையிலிருந்து பீறிட்ட நீர் ஓடையில் கலந்து, வேலை தடைப்பட்டது. இமாசலப் பிரதேசத்து மணிகரணில் 5 கிலோவாட் சோதனை யந்திரம் ஒன்று ஓடி, பிறகு நின்றுபோயிற்று. தெலங்கானாவில் மணுகூருக்கு அருகே பகிடேரு கிராமத்தில், நிலக்கரி தேடிப் போட்ட துளையில் வந்த வெந்நீரைக் கொண்டு சிங்கரேணி நிலக்கரி ஸ்தாபனம் 2022ல் 20 கிலோவாட் சோதனை நிலையம் அமைத்தது.

இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனாலும் வியாபார ரீதியில் விற்பனைக்கு வரும் பூமி உஷ்ண மின்சாரம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் பூமி உஷ்ண சக்திக்கென்று முதன்முறையாக ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. நாட்டில் வகுக்கப்பட்டுள்ள பத்து உஷ்ண மண்டலங்களில் அந்தமான் நிக்கோபாரும் ஒன்று. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது ரேஷன் கார்டு இருப்பதைப் போல. கடையில் அரிசி இருக்கிறதா என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நம்மிடம் இருக்கும் வெந்நீர்

இத்தனையும் சொல்லிவிட்டு, "ஆகவே ஒன்றும் முடியாது" என்று முடிப்பது நம் நோக்கமல்ல. 74 டிகிரி வெந்நீரில் மின்சாரம் எடுக்கும் யந்திரத்துக்கு, அந்த வெந்நீர் பூமியிலிருந்து வந்ததா வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பூமிக்குள் தேடும் அந்த உஷ்ணம் நம் பவர் ஹவுசுகளுக்குள்ளேயே இரவு பகலாக வீணாகிக்கொண்டிருக்கிறது.

டீசல் யந்திரத்துக்கு நூறு பங்கு உஷ்ணம் கொடுத்தால், மின்சாரமாக வருவது ஏறக்குறைய நாற்பது பங்குதான். முப்பது பங்கு அளவுக்குப் புகையோடு வானத்துக்குப் போகிறது. அந்தப் புகை முன்னூறு டிகிரிக்கு மேல் சூடானது. இருபது பங்கு அளவுக்கு யந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் 80, 90 டிகிரியில் வெளியே வருகிறது. அலாஸ்காவில் பூமியைத் துளைத்து எடுத்த நீரைவிடச் சூடான நீர்! அதைக் காற்றிலும் கடல்நீரிலும் ஆற்றிவிட்டு, மறுபடி யந்திரத்துக்கு அனுப்புகிறோம்.

இந்தக் கழிவு உஷ்ணத்தைப் பிடித்தால், யந்திரம் தரும் மின்சாரத்தோடு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு வரை கூடுதலாகப் பெறலாம் என்பது பொறியாளர் கணக்கு. கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டு டீசல்கூட அதிகம் எரிக்காமல் வருகிற மின்சாரம் அது. எல்லா நிலையங்களிலுமாக ஒரு மெகாவாட் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பழுது, ஓய்வு எல்லாம் போக வருஷத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் ஓடினால் 70 லட்சம் யூனிட். அந்த மின்சாரத்துக்காக எரித்திருக்க வேண்டிய டீசல் சுமார் 19 லட்சம் லிட்டர். காற்றில் கலக்காமல் போன கரியமில வாயு சுமார் 5,000 டன். துளை வேண்டாம், கடலுக்கடியில் கம்பி வேண்டாம், சரணாலயத்தில் கை வைக்க வேண்டாம்.

மின்சாரத்தை விட்டு ஐஸைப் பார்ப்போம்

இன்னொரு வழியும் இருக்கிறது. ஜங்லிகாட்டுக்கு இது மிகவும் பொருந்தும் என்பது நம் எண்ணம். வெந்நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் ஐஸ் செய்வதைவிட, உஷ்ணத்திலிருந்தே நேராகக் குளிர்ச்சி உண்டாக்கலாம். அம்மோனியாவையும் தண்ணீரையும் கொண்டு இயங்கும் குளிர்சாதன யந்திரத்துக்கு வேண்டியது முக்கியமாக உஷ்ணம்தான். அதே சேனாவில், கோடையிலும் உருகாத ஒரு பனிக்கட்டி மாளிகையை வெந்நீர் ஊற்றின் உஷ்ணத்தைக் கொண்டே உறைய வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் மணிகரணில் வெந்நீர் ஊற்றின் உஷ்ணத்தில் 7.5 டன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைச் சோதனையாக ஓட்டியிருக்கிறார்கள்.

ஜங்லிகாட் மீன் இறங்கும் துறை. விடியற்காலை படகு வந்தபின் ஐஸ் இருந்தால் மீனுக்கு விலை உண்டு. ஐஸ் இல்லாவிட்டால் வியாபாரி சொன்னதே விலை. மின்சாரம் தடைப்படும் நாட்களில் ஐஸ் ஃபாக்டரியும் படுத்துவிடும். பவர் ஹவுஸ் புகைக்குழாயின் உஷ்ணத்தில் ஒரு ஐஸ் யந்திரம் ஓடினால், மின்சாரத்தின் மேல் உள்ள பாரமும் குறையும், மீனவர் கையில் நாலு காசும் நிற்கும். சுத்தமான சக்தி என்பது தேசக் கணக்கில் மட்டும் தெரிந்தால் போதாது. கூடை தூக்கும் பெண்ணின் முந்தானை முடிச்சிலும் தெரிய வேண்டும்.

ஆட்சேபங்கள்

"டீசலே போகப்போகிறது, போகிற யந்திரத்துக்குப் புது நகை பூட்டுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். டீசல் குறைய வேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் நாளைக்கே அது போய்விடாது. ஹோப் டவுனில் 50 மெகாவாட் எரிவாயு நிலையம் என்ற பேச்சும் பல வருஷங்களாக இருக்கிறது. அது வந்தாலும் எரிவாயு யந்திரமும் புகை விடும், சூடாகும். கழிவு உஷ்ண யந்திரத்தைக் கழற்றி அங்கே பொருத்தலாம். என்றாவது ஒரு நாள் பூமியில் வெந்நீர் கிடைத்தாலும் வேண்டியது அதே யந்திரம், அதே அனுபவம். இன்று அதை ஓட்டக் கற்றுக்கொண்டவன் அன்று வெளியூர் மெக்கானிக்குக்காகக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டான்.

"உப்புக் காற்றில் யந்திரம் தாங்குமா? உதிரி பாகம் எங்கிருந்து வரும்?" என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். புகையை அளவுக்கு மீறிக் குளிரவைத்தால் அதிலுள்ள கந்தகம் அமிலமாகிக் குழாயை அரித்துவிடும் என்பதும் உண்மை. ஆகவேதான் எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒரு நிலையத்தில், ஒரு யந்திரத்தில், இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கட்டும். கிடைத்த யூனிட்டையும் ஆன செலவையும் பொதுமக்கள் பார்க்கும்படி பலகையில் எழுதிப் போடட்டும்.

கடல் என்ற பெரிய அடுப்பு

நீண்டகால நோக்கில் இன்னொரு உஷ்ணம் நம்மைச் சுற்றிலும் கிடக்கிறது. அது கடல். மேல்நீர் 28, 29 டிகிரி. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஏழு டிகிரி அளவு. இந்த இருபது டிகிரி வித்தியாசத்திலும் மேலே சொன்ன யந்திரத்தை ஓட்டலாம். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு மெகாவாட் மிதக்கும் நிலையத்துக்கு முயன்றது. ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலில் இறக்கும் வேலை கைகூடவில்லை.

அந்த விஞ்ஞானிகள் அதோடு சோர்ந்துவிடவில்லை. அதே அறிவைக் கொண்டு 2005ல் லட்சத்தீவின் கவரத்தியில், மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தால் தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையத்தை அமைத்தார்கள். 2011ல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும் அமைத்தார்கள். வடசென்னை அனல்மின் நிலையம் கடலில் விடும் வெதுவெதுப்பான கழிவுநீரிலிருந்தும் குடிநீர் எடுத்துக் காட்டினார்கள். பெரிய ஆசை நிறைவேறாவிட்டால் சிறிய பயனையாவது கைப்பற்ற வேண்டும் என்ற அந்தப் புத்தியைத்தான் இங்கே நாமும் கேட்கிறோம். கோடையில் குடிநீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில், கழிவு உஷ்ணத்தில் குடிநீர் என்பது அலட்சியம் செய்யத்தக்க விஷயமா?

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, தீவுகளிலுள்ள ஒவ்வொரு பவர் ஹவுசிலும் எத்தனை டீசல் எரிகிறது, எத்தனை யூனிட் வருகிறது, எத்தனை உஷ்ணம் புகையிலும் தண்ணீரிலும் போகிறது என்று கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இதற்குப் பெரிய நிபுணர் குழு வேண்டாம். பாகர்காவிலுள்ள அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களே, ஆசிரியர்களின் மேற்பார்வையில், ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இரண்டாவதாக, பூமி உஷ்ணத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். 1980 முதல் அந்தமான் கடலில் எண்ணெய்க்காகவும் எரிவாயுவுக்காகவும் ஆழ்துளைகள் போட்டிருக்கிறார்கள். 2025லும் ஆயில் இந்தியா போட்ட துளையில் எரிவாயு தென்பட்டதாகச் செய்தி வந்தது. இப்படிப்பட்ட துளைகளில் அடிமட்ட உஷ்ணத்தை அளப்பது வழக்கம். அந்த அளவுகளை எடுத்து, கரையிலுள்ள ஆழ்குழாய்க் கிணறுகளின் உஷ்ணத்தையும் அளந்து சேர்த்துப் பார்த்தால், எங்கே நம்பிக்கை உண்டு, எங்கே இல்லை என்று ஒரு படமே கிடைத்துவிடும். பகிடேருவின் வெந்நீரும் நிலக்கரிக்காகப் போட்ட துளையில்தானே கிடைத்தது? புதுத் துளைக்குப் பணம் கேட்பதற்கு முன்னால், போட்ட துளைகள் என்ன சொல்கின்றன என்று கேட்கட்டும்.

மூன்றாவதாக, இந்த யந்திரங்கள் வரும்போது அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் தீவுப் பையன்களைப் பழக்க வேண்டும். மெயின்லாண்டிலிருந்து ஒரு கம்பெனி வந்து, பெட்டியை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியைக் கையோடு கொண்டுபோனால் மூன்றாம் வருஷம் அது துருப்பிடித்த இரும்பு. குளிர்சாதன மெக்கானிக் வேலை தெரிந்த தமிழ், தெலுங்கு, வங்காளி இளைஞர்கள் இந்த ஊரில் ஏராளம். இது அவர்களுக்குத் தெரிந்த யந்திரத்தின் உடன்பிறப்பு.

இந்தத் தீவுகளுக்கு நம்மில் பலர் பிழைப்புக்காக வந்தோம். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இதையே ஊர் என்கிறார்கள். வந்த ஊர் என்று நினைத்தால் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடலாம். சொந்த ஊர் என்று நினைத்தால் எப்படி வருகிறது, ஏன் போகிறது, எங்கே வீணாகிறது என்று கேட்கத் தோன்றும். தமிழர் சங்கக் கூட்டத்திலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும், தேர்தலுக்கு வீடு தேடி வருகிறவர்களிடமும் நம் மக்கள் கேட்க வேண்டியது எரிமலை மின்சாரத்தைப் பற்றி அல்ல. "பவர் ஹவுஸ் புகையோடு போகிற உஷ்ணத்துக்கு என்ன கணக்கு?" என்று கேட்கட்டும். பதில் சொல்லும் வரை விடாமல் கேட்கட்டும்.